பட்டை மறைந்தால் போதுமா? தடுப்பு பெப்டைடு சோதனை குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், கடலழிஞ்சில் என ஏதாவது ஒரு மூலிகையின் சாறு, சர்க்கரை நோயில் கண்ணையும் நரம்பையும் கெடுக்கும் நொதியைக் குறைக்கிறது என்ற செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. செட்டிநாட்டுப் பக்கம் இத்தகைய செய்திகளுக்கு வாசகர்கள் அதிகம். படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திக் கஷாயத்துக்கு மாறுகிறவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றின் அடித்தளமாக இருப்பது ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்ற ஒரு படம்தான்: வெள்ளைச் சவ்வின் மேல் ஒரு கறுப்புப் பட்டை. திசுவின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துச் சவ்வுக்கு மாற்றி, வேண்டிய புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தால் அதைப் பட்டையாகக் காட்டுவார்கள். சாறு கொடுத்த எலியில் அந்தப் பட்டை மெலிந்திருக்கும். அந்தப் பட்டை உண்மையில் அந்த நொதிதானா என்று கேட்டால், “தடுப்பு பெப்டைடு (ஆன்டிபாடியை அடக்கும் சிறு புரதத் துண்டு) சேர்த்துப் பார்த்தோம், பட்டை மறைந்துவிட்டது” என்ற பதில் வரும். அந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும், அந்தச் சோதனையைச் செய்தால் எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் எழுதவே இக்கடிதம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கல்லூரிகளில் உயிர்வேதியியலும் உயிர்த் தொழில்நுட்பமும் படிக்கும் மாணவர்கள் தங்கள் நாளிதழை வாசிக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதியையே எடுத்துக்கொள்வோம். குளுக்கோஸைச் சார்பிட்டாலாக மாற்றுவது இது. அந்தச் சார்பிட்டாலை வேறொரு நொதி ஃபிரக்டோஸாக மாற்றும். ஹெர்ஸ் 1956-இல் இந்த வழியைக் கண்டறிந்தார். சர்க்கரை நோயுள்ள எலிகளின் கண் லென்ஸில் சார்பிட்டால் சேர்வதை 1959-இல் ரூத் வான் ஹெய்னிங்கன் காட்டினார். குளுக்கோஸை இந்த நொதி எளிதில் பிடிப்பதில்லை. எனவே இரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போது இந்த வழியில் போகும் குளுக்கோஸ் மிகக் குறைவு. சர்க்கரை ஏறினால்தான் இது வேகம் எடுக்கும். இந்த நொதியைத் தடுக்கும் எபால்ரெஸ்டாட் என்ற மாத்திரை, சர்க்கரை நோயால் வரும் நரம்புக் கோளாறுக்கு ஜப்பானிலும் இந்தியாவிலும் பயன்பாட்டில் உள்ளது. ஆகவே இதை அளப்பது வீண் வேலை அல்ல. அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கவலை.

மனிதரின் ஆல்டோஸ் ரிடக்டேஸில் 316 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. எடை சுமார் 36 கிலோ டால்டன் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு). அதற்கு ஆன்டிபாடி தயாரிக்கும்போது பல நேரங்களில் முழுப் புரதத்தைப் பயன்படுத்துவதில்லை. 15 முதல் 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டைச் செயற்கையாகச் செய்து, அதன் முனையில் ஒரு சிஸ்டீனைச் சேர்த்து, கே.எல்.எச். எனப்படும் கடல் நத்தைப் புரதத்தோடு இணைத்து முயலுக்கு ஊசியாகப் போடுவார்கள். பெப்டைடு தனியாகப் போனால் முயலின் உடல் அதைப் பொருட்படுத்தாது. பெரிய புரதத்தின் முதுகில் ஏறிப்போனால்தான் எதிர்ப்பு கிளம்பும். தடுப்பு பெப்டைடு என்பது அதே துண்டுதான், கே.எல்.எச். இல்லாமல் தனியாக. ஆன்டிபாடியோடு இதை முன்கூட்டியே கலந்துவைத்தால், ஆன்டிபாடியின் இரு கைகளையும் பெப்டைடு நிரப்பிவிடும். பிறகு சவ்வில் உள்ள புரதத்தைப் பிடிக்கக் கை இருக்காது. பட்டை மறையும்.

இங்கேதான் பலர் ஒரு படி தாண்டிப் போய்விடுகிறார்கள். பட்டை மறைந்தது என்றால், அந்த ஆன்டிபாடி தன் பிடிக்கும் இடத்தால்தான் சவ்வில் ஒட்டியிருந்தது என்று பொருள், வெறுமனே அப்பிக்கொண்டிருக்கவில்லை. எதில் ஒட்டியிருந்தது என்பதற்கு இதில் பதில் இல்லை. சாவியின் பல்லில் மெழுகை அப்பிவிட்டால் அது எந்தப் பூட்டையும் திறக்காது. அதை வைத்து, அது ஒரு வீட்டுக்கு மட்டுமே உரிய சாவி என்று சொல்லிவிட முடியுமா? தவறான புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியையும் பெப்டைடு அதேபோல அடக்கிவிடும். அப்போதும் பட்டை மறையும்.

இது வெறும் தர்க்கம் அல்ல. ஆல்டோஸ் ரிடக்டேஸுக்கு ஏ.கே.ஆர்.1பி10 என்று ஒரு நெருங்கிய உறவு உண்டு. அதற்கும் 316 அமினோ அமிலங்கள், எடையும் ஏறத்தாழ அதே 36 கிலோ டால்டன், வரிசையில் சுமார் 71 சதவீதம் ஒற்றுமை. குடலில் இயல்பாகவே நிறைய இருக்கும். கல்லீரல் புற்றிலும் நுரையீரல் புற்றிலும் பெருகும். இரண்டின் வால் முனையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆல்டோஸ் ரிடக்டேஸின் கடைசிப் பத்து: ஹிஸ்டிடின், லைசின், அஸ்பார்டிக் அமிலம், டைரோசின், புரோலின், ஃபினைல் அலனின், ஹிஸ்டிடின், குளுட்டாமிக் அமிலம், மீண்டும் குளுட்டாமிக் அமிலம், ஃபினைல் அலனின். ஏ.கே.ஆர்.1பி10-இன் வாலிலும் அஸ்பார்டிக் அமிலம், டைரோசின், புரோலின், ஃபினைல் அலனின் என்ற நான்கும் அதே வரிசையில், அதே இடத்தில் நிற்கின்றன. ஆன்டிபாடி பிடித்துக்கொள்வது பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பகுதியைத்தான். வால் முனைப் பெப்டைடால் கிளம்பிய ஆன்டிபாடிகளில் ஒரு பகுதி இந்த நான்கைச் சுற்றிப் பிடிப்பதாக இருந்தால், இரண்டு புரதங்களும் ஒரே இடத்தில் ஒரே பட்டையாகத் தெரியும். தடுப்பு பெப்டைடு இரண்டையும் சேர்த்தே மறைக்கும். ஈரல் புற்றுச் செல்லில் மூலிகைச் சாறு எதைக் குறைத்தது என்று அந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே முதல் வேலை, பெப்டைடின் வரிசையைக் கேட்டு வாங்குவது. சில விற்பனையாளர்கள் அதை வெளியிட மறுப்பார்கள். வரிசை தெரியாத பெப்டைடை வைத்துச் செய்த சோதனையை யாரும் சரிபார்க்க முடியாது. அத்தகைய ஆன்டிபாடியை வாங்காமல் இருப்பதே நல்லது. வரிசை கிடைத்ததும் அதை மனிதர், எலி, சுண்டெலி ஆகியவற்றின் எல்லாப் புரதங்களோடும் கணினியில் ஒப்பிட்டுப் பாருங்கள். தொடர்ச்சியாக ஆறேழு எழுத்து பொருந்தும் வேறு புரதம் கிடைத்தால் அதன் எடையைக் குறித்துவையுங்கள். அதே எடை என்றால் அந்த ஆன்டிபாடியைக் கைவிடலாம். முழுப் புரதத்தைப் போட்டு உருவாக்கிய ஆன்டிபாடிக்கு ஒரு சிறு பெப்டைடைத் தடுப்பாகப் போடுவதும் வீண். அதில் பல இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் கலந்திருக்கும். ஓரிடத்தை அடைத்தால் மற்றவை வேலை செய்துகொண்டே இருக்கும்.

இனி பெப்டைடைக் கையாளும் விதம். உலர்தூளாக வரும் பெப்டைடை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் வைக்க வேண்டும். எடுத்தவுடன் மூடியைத் திறக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் காரைக்குடிக் காற்றின் ஈரம் குளிர்ந்த குப்பிக்குள் நொடியில் இறங்கி, தூள் பிசுபிசுவென்று ஆகிவிடும். மூடிய குப்பியை அரை மணி நேரம் அறை வெப்பத்தில் விட்டு, ஒரு சுற்று சென்ட்ரிபியூஜில் சுழற்றித் தூளை அடியில் இறக்கிய பிறகே திறக்க வேண்டும். ஒரு மில்லி லிட்டருக்கு ஒரு மில்லி கிராம் என்ற அளவில் பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலிலோ சுத்தமான நீரிலோ கரைக்கலாம். அமிலத் தன்மை மிகுந்த பெப்டைடு கரைய மறுத்தால் சிறிது அம்மோனியம் பைகார்பனேட். காரத் தன்மை மிகுந்தது என்றால் 10 சதவீத அசிட்டிக் அமிலம். சிஸ்டீன், மெத்தியோனின் உள்ள பெப்டைடை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைக்க வேண்டாம், ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். கரைத்ததை 20 மைக்ரோ லிட்டர் வீதம் பிரித்து உறைய வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை மட்டும் உருக்கிப் பயன்படுத்துங்கள். நீர்த்த கரைசலில் பெப்டைடு பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். புரதம் ஒட்டாத வகைக் குழாய் நல்லது.

குப்பியின் மேல் ஒரு மில்லி கிராம் என்று போட்டிருந்தாலும் உள்ளே அவ்வளவு பெப்டைடு இருப்பதில்லை. உப்பும் ஈரமும் போக நிகரம் பெரும்பாலும் 60 முதல் 80 சதவீதம். தூய்மை 95 சதவீதம் என்று தாளில் இருப்பது வேறு கணக்கு. அது பெப்டைடுக்குள் எவ்வளவு சரியான பெப்டைடு என்பதைச் சொல்வது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தடுப்பு போதவில்லை என்று அலைகிறவர்கள் அதிகம்.

சோதனைக்கு வருவோம். முதலில் ஆன்டிபாடியின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பட்டை தெளிவாகத் தெரியும், ஆனால் முற்றிக் கறுத்துவிடாத அளவே வேண்டும். பலரும் இந்தப் படியைத் தவிர்த்து, வழக்கமான கனமான அளவிலேயே தடுப்பைப் போட்டுவிட்டு, பட்டை போகவில்லை என்கிறார்கள். ஒரு மில்லி லிட்டருக்கு அரை மைக்ரோ கிராம் போதும் என்று வைத்துக்கொண்டால், 4 மில்லி லிட்டருக்கு 2 மைக்ரோ கிராம் ஆன்டிபாடி. அதற்கு 10 மைக்ரோ கிராம் பெப்டைடு. எடையில் இது ஐந்து மடங்குதான். மூலக்கூறு எண்ணிக்கையில் நிலைமை வேறு. ஆன்டிபாடியின் எடை ஒன்றரை லட்சம் டால்டன், பெப்டைடின் எடை இரண்டாயிரம். 2 மைக்ரோ கிராம் ஆன்டிபாடியில் சுமார் 13 பிக்கோ மோல். ஒன்றுக்கு இரு கை என்பதால் 27 பிக்கோ மோல் கைகள். 10 மைக்ரோ கிராம் பெப்டைடில் 5,000 பிக்கோ மோல். ஒரு கைக்கு 180-க்கும் மேற்பட்ட பெப்டைடுகள். நிகரப் பெப்டைடு 60 சதவீதமாக இருந்தாலும் நூறு மடங்குக்கு மேல் மிஞ்சும். இதற்குப் பிறகும் பட்டை போகவில்லை என்றால் 20 மைக்ரோ கிராம் வரை ஏற்றிப் பார்க்கலாம். அதற்கு மேல் கொட்டுவதில் பயனில்லை, காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

ஆன்டிபாடியையும் பெப்டைடையும் முதலில் அரை மில்லி லிட்டர் பஃபரில் கலந்து மெல்லச் சுழலவிடுங்கள். அறை வெப்பம் என்றால் இரண்டு மணி நேரம், 4 டிகிரி என்றால் இரவு முழுவதும். செய்முறைத் தாள்களில் அறை வெப்பம் என்பது 20 முதல் 25 டிகிரி. சித்திரை வெயிலில் நம் ஊர் ஆய்வகத்தில் ஏ.சி. நின்றுபோனால் மேசையின் மேல் 35 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் பெப்டைடின் பிடி தளரக்கூடும். கோடையில் இந்த வேலையை 4 டிகிரியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. கலந்த பிறகு 10,000 ஜி விசையில் ஐந்து நிமிடம் சுழற்றி, மேலுள்ள கரைசலை மட்டும் எடுத்து 4 மில்லி லிட்டராக்குங்கள்.

புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல் 12 சதவீதம். ஜெல்லின் எல்லா வழிகளிலும் ஒரே மாதிரிப் புரதம், வழிக்கு 20 மைக்ரோ கிராம். சவ்வுக்கு மாற்றிய பின் பான்சோ சாயம் போட்டு, புரதம் சமமாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, எடைக் குறியீட்டு வழியோடு சேர்த்து நான்கு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆன்டிபாடியும், பெப்டைடைக் கரைக்கப் பயன்பட்ட, பெப்டைடு சேராத வெறும் கரைசலும். இரண்டாவதில் ஆன்டிபாடியும் பெப்டைடும். மூன்றாவதில் ஆன்டிபாடியும் தொடர்பில்லாத, அதே நீளமுள்ள வேறொரு பெப்டைடும். நான்காவதில் முதல் ஆன்டிபாடியே கிடையாது, அதைப் பிடித்துப் பட்டையாகக் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடி மட்டும். மூன்றாவது துண்டைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல், பட்டை மறைந்தது குறிப்பிட்ட அந்தப் பெப்டைடாலா, அல்லது எந்தப் பெப்டைடு போட்டாலும் மறையுமா என்று தெரியாது. நான்கையும் தனித்தனித் தட்டில் வைத்து, கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி ஒரே படமாக, ஒரே நேர அளவில் எடுக்க வேண்டும். தடுப்புத் துண்டைத் தனியாகப் பத்து நொடியும் மற்றதை இரண்டு நிமிடமும் எடுத்து ஒட்டுவது ஏமாற்று வேலை.

சவ்வின் மேல் ஆன்டிபாடியை விடும் நேரத்தை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். கரைசலில் மிதக்கும் பெப்டைடை ஆன்டிபாடி ஒவ்வொரு கையாலும் தனித்தனியாகத்தான் பிடித்திருக்கிறது; சவ்வில் நெருக்கமாகக் கிடக்கும் புரதத்தையோ இரு கையாலும் சேர்த்துப் பிடிக்கும். இரவு முழுக்க விட்டால், பெப்டைடு கழன்ற நொடியில் ஆன்டிபாடி சவ்வில் போய் ஒட்டிக்கொண்டு, விட்டுப் பிரியாது. காலையில் மங்கலான பட்டை திரும்பியிருக்கும். பஃபரில் சோடியம் அசைடு சேர்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: இரண்டாவது ஆன்டிபாடியோடு இணைந்து பட்டையைத் தெரியவைக்கும் பெராக்சிடேஸ் நொதியை அது கொல்லும். எல்லாத் துண்டும் வெளுத்துப்போய், தடுப்பு அருமையாக வேலை செய்தது என்ற எண்ணம் வரும்.

பெப்டைடு போட்டும் சில பட்டைகள் அசையாமல் நின்றால் சுத்திகரிக்காத முயல் சீரத்தைச் சந்தேகியுங்கள். அதில் கே.எல்.எச்.-க்கு எதிரானவை, இணைப்புப் பொருளுக்கு எதிரானவை, முயலிடம் ஏற்கெனவே இருந்தவை என்று பல கலந்திருக்கும். பெப்டைடு இவற்றில் எதையும் தொடாது. ஊசி போடுவதற்கு முன் அதே முயலிடம் எடுத்த சீரம் இருந்தால் அதையும் ஒரு துண்டில் ஓட்டிப் பார்த்தால் விவரம் தெரியும். பெப்டைடை 0.1, 1, 10 மைக்ரோ கிராம் என்று படிப்படியாகக் கூட்டிச் செய்வது இன்னும் நல்லது. அமெரிக்க விஞ்ஞானிகள் பெர்சனும் யாலோவும் இரத்தத்தில் இன்சுலினை அளந்ததும் இதே போட்டித் தத்துவத்தில்தான். யாலோவுக்கு 1977-இல் நோபல் கிடைத்தது அதற்காகவே. பட்டை அளவுக்கேற்பச் சீராகக் குறைந்தால் பெப்டைடு வேலை செய்கிறது என்று நம்பலாம். மங்கலான பட்டைகள் முதலில் மறைவது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு அவை போலி, நின்றது அசல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இந்த நொதிக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. புரத அளவு சமம் என்று காட்ட எல்லோரும் வழக்கமாகப் போடுவது ஜி.ஏ.பி.டி.எச். என்ற புரதத்துக்கான ஆன்டிபாடி. அந்தப் புரதத்தின் எடையும் 36, 37 கிலோ டால்டன்தான். அதே சவ்வில் முதல் ஆன்டிபாடியைக் கழுவி எடுத்துவிட்டு இதைப் போட்டால், மிச்சமிருக்கும் பழைய பட்டையின் மேலேயே புதிய பட்டை உட்காரும். போதாக்குறைக்கு ஜி.ஏ.பி.டி.எச். தானே சர்க்கரையைச் சிதைக்கும் வழியில் உள்ள நொதி. சர்க்கரை நோய் எலியில் அது மாறாமல் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே சரியல்ல. ஆல்ஃபா டியூபுலின், வின்குலின், அல்லது மொத்தப் புரதச் சாயம் போதும். குளுக்கோகைனேஸ் என்ற மற்றொரு நொதி பற்றி ஆய்வு செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் வேறு விதம்: அதன் எடை சுமார் 52 கிலோ டால்டன், ஆன்டிபாடியின் இரு வகைச் சங்கிலிகளில் பெரியதான கனச் சங்கிலி 50. திசுவில் இரத்தம் மிச்சமிருந்தால் இரண்டாவது ஆன்டிபாடி அந்தச் சங்கிலியையே பட்டையாகக் காட்டக்கூடும். நான்காவது துண்டு இருந்தால் அது உடனே வெளிப்படும்.

தடுப்பு பெப்டைடு மட்டும் போதாது என்று கிளிஃபர்ட் சேப்பர் 2005-லேயே நரம்பியல் இதழொன்றின் ஆசிரியராக எழுதினார். 2016-இல் பன்னாட்டுக் குழு ஒன்று ஆன்டிபாடியைச் சரிபார்க்க ஐந்து வழிகளைப் பரிந்துரைத்தது: மரபணுவை நீக்கிப் பார்த்தல், ஆன்டிபாடி தேவைப்படாத வேறு முறையோடு ஒப்பிடுதல், வேறிடத்தைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி, அடையாளம் சேர்த்த புரதம், பிடித்ததை நிறை நிறமாலையில் அறிதல். தடுப்பு பெப்டைடு அந்த ஐந்தில் இல்லை.

நம் பக்கத்து ஆய்வகங்களில் இவற்றில் எது கைக்கெட்டும்? மரபணு நீக்கிய சுண்டெலி வாங்க எல்லோராலும் முடியாது. செல்களில் சிறு ஆர்.என்.ஏ. கொண்டு நொதியைக் குறைத்து 72 மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். அதைவிடச் செலவு குறைந்த வழி உப்பு. ஆல்டோஸ் ரிடக்டேஸ் சிறுநீரகத்தின் உள்பகுதியில் நிறைய இருப்பது, உப்பின் அழுத்தத்தைச் சார்பிட்டாலால் ஈடுகட்டத்தான். சிறுநீரகச் செல்களை வளர்க்கும் ஊடகத்தில் கூடுதலாக 75 முதல் 100 மில்லி மோலார் சோடியம் குளோரைடு சேர்த்து 24 மணி நேரம் விட்டால் இந்த நொதி ஏறும். ஆன்டிபாடி காட்டும் பட்டையும் அதோடு ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது வேறு எதையோ பிடிக்கிறது. கூடவே ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் நொதியின் வேலையையும் அளந்துவிடலாம். 10 மில்லி மோலார் கிளிசரால்டிஹைடு, 0.15 மில்லி மோலார் என்.ஏ.டி.பி.எச்., பி.எச். 6.2 பாஸ்பேட் பஃபர், 340 நானோ மீட்டரில் என்.ஏ.டி.பி.எச்.-இன் ஒளி உறிஞ்சல் இறங்கும் வேகம். கிளிசரால்டிஹைடை ஆல்டிஹைடு ரிடக்டேஸும் ஏ.கே.ஆர்.1பி10-உம் கூட வேதிமாற்றம் செய்யும் என்பதால் இதைத் தனியாக நம்பக் கூடாது. பட்டையும் வேலையும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பார்க்கத்தான் இது.

தங்கள் நிருபர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். ஒரு மூலிகைச் சாறு ஏதோ ஒரு நொதியைக் குறைத்தது என்று யாராவது செய்தி கொடுத்தால், பட்டை அந்த நொதிதான் என்பதை எந்த முறையில் உறுதி செய்தீர்கள் என்று கேளுங்கள். தடுப்பு பெப்டைடு என்ற பதில் வந்தால் அதன் வரிசையையும், தொடர்பில்லாத பெப்டைடு போட்ட துண்டின் படத்தையும் கேளுங்கள். வேறு ஒரு முறையும் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எதுவும் இல்லை என்றால் அந்தச் செய்தியை நிறுத்திவைக்கலாம். வெளியிட்டே ஆக வேண்டும் என்றால், இது எலியிலும் செல்லிலும் கண்டது, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்ற வரியைச் செய்தியின் கடைசியில் ஒளித்துவைக்காமல், தலைப்புக்கு அடுத்தே போடுங்கள்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் சிலர்,
காரைக்குடி.